லெவ்கோனிசியின் நூற்றுப் பதினான்கு இடது கண்கள்

லெவ்கோனிசித் தீவின் ஆண்களுக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் போக ஆரம்பித்தது ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில். முதலில் மாட்டிக்கொண்டவர் படகுத்துறைக் காப்பிக்கடைக்காரர். அவருடைய இடது கிருதா காதோடு நின்றுவிட்டது. வலது கிருதா தாடையைத் தேடிப் போனது. அடுத்து, கப்பல் டிக்கெட் விற்பவர். அதற்கடுத்த சனிக்கிழமை, ஒரு ஞானஸ்நானத்துக்காகக் கூட்டமாக வந்து சவரம் செய்துகொண்ட ஒன்பது பேர். விடுமுறைக்கு வந்திருந்த ஏதென்ஸ் பெண் ஒருத்தி, "இது இந்தத் தீவோட பழைய வழக்கமா?" என்று ஆசையாகக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

தீவில் இருந்தது ஒரே சலூன். அதன் சொந்தக்காரர் பாந்தெலிஸுக்கு அறுபத்து நான்கு வயது. வலது கண் ஏழு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. இடது கண்ணின் விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் கசியும். கசிந்தால் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். நீர் கோத்தால் நேர்க்கோடுகளெல்லாம் நெளியும். அதற்காக நான்கு வாரத்துக்கு ஒருமுறை கப்பலேறி ஏதென்ஸ் போய், பெரிய மருத்துவமனையில் டாக்டர் மிர்தோவிடம் கண்ணுக்குள் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வருவார். ஊசி தவறாதவரை கதவு கதவாக இருந்தது, கிருதா கிருதாவாக இருந்தது.

பிறகு மருத்துவம் நவீனமாயிற்று.

தெற்குத் தீவுகளின் டிஜிட்டல் விழித்திரைப் பராமரிப்பு இயக்குநரகம், கண் நோயாளிகள் டாக்டரைப் பார்க்கக் கப்பலில் போகிறார்கள் என்பதையும், காற்றடித்தால் கப்பல் நின்றுவிடுகிறது என்பதையும் இரண்டு வருட ஆய்வுக்குப் பிறகு கண்டுபிடித்தது. காற்றை நிறுத்த அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே பயணத்தை நிறுத்த முடிவு செய்தது. தீவின் சுகாதார நிலையத்திலேயே ஒரு கருவி. தாடையை அதில் வைத்தால் போதும். கண்ணுக்குள் படம் பிடித்து, நாற்பது நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். சிவப்பு என்றால் ஏதென்ஸுக்கு அனுமதிச் சீட்டு. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். மருத்துவமனையின் மருந்து அலமாரியே இந்தத் தீர்ப்போடு இணைக்கப்பட்டிருந்தது. சிவப்பில் இருப்பவரின் எண்ணைத் தட்டினால்தான் அது திறக்கும்.

யோசனை நல்ல யோசனைதான். யோசனைகள் பெரும்பாலும் நல்லவையாகவே தலைநகரத்தை விட்டுக் கிளம்புகின்றன. கடலில்தான் அவற்றுக்கு ஏதோ ஆகிவிடுகிறது.

கருவி வந்திறங்கிய நாளில், புதிதாக வரும் படகுக்கும் கடைக்கும் செய்வதைப்போலவே அதற்கும் எல்லாம் செய்தார்கள். பாதிரியார் லினார்தோஸ் துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து அதன் மேல் தெளித்தார். இயக்குநரகத்தின் ஒருங்கிணைப்பாளர் அரிஸ்தார்கோஸ், லென்ஸில் விழுந்த துளிகளைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பக்கத்துத் தீவுக்கு இப்படியொரு கருவி கிடைக்கவில்லை. அவர்கள் சும்மா இருப்பார்களா? நர்ஸ் ஆர்கிரோ மூன்று தடவை "து, து, து" என்றாள். பிறகு திருஷ்டி கழிய ஒரு நீலக் கண்ணாடிக் கண்ணை எடுத்து, நெற்றி வைக்கும் பட்டையின் இடது பக்கத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டாள். நீல வட்டம், அதற்குள் வெள்ளை, அதற்குள் கறுப்புப் புள்ளி. எல்லோர் வீட்டு வாசலிலும் தொங்குவதுதான். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கருவியைத் தவிர.

"தாடையை வைங்க, கிர் பாந்தெலிஸ்," என்றாள் ஆர்கிரோ. தீவில் வயதானவர்களையெல்லாம் அப்படித்தான் மரியாதையாக 'கிர்' போட்டு அழைப்பார்கள். "அசையாதீங்க. இமைக்காதீங்க."

"இமைக்காம எப்படிம்மா இருக்கறது? நான் என்ன மீனா?"

கருவி முனகியது. அசையாத, இமைக்காத, கண்ணீர் விடாத ஒரு கண்ணைத் தேடியது. அப்படி ஒன்று அருகிலேயே கிடைத்தது. பளிச்சென்று ஒரு வெளிச்சம். பச்சை விளக்கு.

"வாழ்த்துகள்!" என்றது கருவிக்குள் இருந்த பெண்குரல். "உங்கள் இடது விழித்திரை மிகச் சிறந்த நிலையில் உள்ளது. வலது விழித்திரையின் படம் தெளிவாக இல்லை. ஆயினும் இடதைப் போலவே வலதும் இருக்கும் எனக் கணிக்கப்படுகிறது."

ஏழு வருடத்துக்கு முன் போன கண் பாந்தெலிஸுக்கு ஒரே நொடியில் திரும்பி வந்தது, காகிதத்தில்.

"ஆர்கிரோ, அந்தக் கதவு நிலை எனக்குக் கோணலாத் தெரியுதே."

"அது கோணல்தான், கிர் பாந்தெலிஸ். கட்டினது என் மச்சான்."

"உன் மச்சான் கட்டாத கதவும் கோணலாத்தான் தெரியுது."

"மெஷினு பச்சைங்குது. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நல்லா இருக்கீங்கன்னு சொன்னா கோவப்படற ஆளை இப்பதான் பார்க்கறேன்."

அந்த மாதம் ஊசி கிடையாது. அடுத்த மாதமும் பச்சை, அதற்கடுத்த மாதமும் பச்சை. சலூன் கண்ணாடியில் முகங்கள் நடுவில் கசங்க ஆரம்பித்தன. கத்தியை வைக்கும் இடத்தை இப்போது விரலால் தொட்டுத்தான் கண்டுபிடித்தார். கப்பல் டிக்கெட் விற்பவர் காதில் ஒரு பிளாஸ்திரியோடு எழுந்து போனார். நல்ல மனுஷன், "வெயிலுக்கு இதமா இருக்கு" என்றார்.

பாந்தெலிஸ் டாக்டர் மிர்தோவுக்குப் போன் செய்தார்.

"உங்க பேருக்கு நேரா பச்சை இருக்கு, பாந்தெலிஸ்," என்றாள் மிர்தோ. "நீங்க வந்தா என்னால பார்க்க முடியும், ஊசி போட முடியாது. உங்க நம்பருக்கு அலமாரி திறக்காது. அதைச் சிவப்பா மாத்துங்கன்னு மூணு கடுதாசி போட்டுட்டேன். டாக்டருங்க அபிப்பிராயம் இப்ப அவங்களுக்கு 'துணை ஆவணமாம்'."

"இப்படியே விட்டா?"

"நீங்க சொல்றதைப் பார்த்தா, இன்னும் ஆறு வாரம். அதுக்குள்ள ஊசி போடலைன்னா நடுவுல தழும்பு விழுந்திடும். அப்புறம் எந்த விளக்கு எரிஞ்சாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அடுத்த தடவை பாந்தெலிஸ் தன் கண்ணின் படத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கலிரோயி சமையல் மேசையில் நெத்திலி மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரோட கண்ணு?"

"என்னோடதுதான். கீழ பேர் போட்டிருக்கே."

"நாப்பது வருஷமா உன் கண்ணைப் பார்த்துக்கிட்டிருக்கேன், மனுஷா. அதுல அப்பப்ப பொய் இருக்கும், தூக்கம் இருக்கும். மேல ஓட்டை போட்டு நூல் கோத்து என்னைக்கும் இருந்ததில்ல."

பிறகு கலிரோயி போய் வாசலில் தொங்கிய கண்ணாடிக் கண்ணைக் கழற்றிக்கொண்டு வந்து படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

இயக்குநரகத்துக்கு எழுதினார்கள். வாசல் கண்ணையும் படம் எடுத்து, இரண்டு படங்களையும் சேர்த்தே அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய பயனாளரே, தாங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் பரிசோதிக்கப்பட்டன. இரண்டும் தங்கள் கண்களே. இரண்டும் ஆரோக்கியமாக உள்ளன. தாங்கள் நூல் என்று குறிப்பிடுவது ஒரு ரத்தக்குழாய். வளைவோ கசிவோ அடைப்போ இல்லாத இத்தகைய ரத்தக்குழாய் எமது இருபத்தாறாயிரம் படங்களில் மிக அரிதாகவே காணப்படுகிறது. வாழ்த்துகள்.'

"வாசல்ல தொங்கறதுக்கும் பச்சை குடுத்திருக்காங்க," என்றாள் கலிரோயி. "நமக்கு ரொம்பக் குடுத்து வெச்ச வீடு."

மறுநாள் காலையில் இருவரும் ஆர்கிரோவிடம் போய், அந்தக் கண்ணாடிக் கண்ணை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். ஆர்கிரோவின் முகம் வெளுத்தது. அவள் இளகிய மனசுக்காரி. கருவி பச்சை காட்டிய ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அனுப்பியவள்.

"அப்ப இத்தனை பேருக்கும்... மாதாவே! நானே கட்டினேன்." கையைக் கொண்டுபோனாள். தொடவில்லை. "ஆனா என்னால அவுக்க முடியாது, கிர் பாந்தெலிஸ். மெஷினை ஒப்படைச்ச அன்னைக்கு எல்லாத்தையும் படம் எடுத்து லிஸ்ட்டுல ஏத்திட்டாங்க. பாருங்க." அவள் காட்டிய காகிதத்தில் லென்ஸ், தாடைத்தாங்கி, மின்கம்பி எல்லாவற்றுக்கும் கீழே ஏழாவதாக இருந்தது: 'நீல நிற ஒப்பீட்டு உறுப்பு, தொங்கும் வகை, ஒன்று.' "இதுல எதைக் கழட்டினாலும் என் வேலை போயிடும். ஒருங்கிணைப்பாளர் வியாழக்கிழமை வர்றார். அவர்கிட்ட சொல்லுங்க. அவர் சொன்னா அந்த நிமிஷமே அவுக்கறேன்."

வியாழக்கிழமை அரிஸ்தார்கோஸ் வந்தது ஒரு விழாவுக்காக. தெற்குக் கடலிலேயே விழித்திரை நோய் அறவே இல்லாத முதல் தீவாக லெவ்கோனிசி அறிவிக்கப்பட இருந்தது. சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். நூற்றுப் பதினான்கும் பச்சை. கப்பல் பயணத்தில் கலைந்துபோன தன்னைச் சரிசெய்துகொள்ள அவர் நேராகச் சலூனுக்கு வந்தார்.

பாந்தெலிஸ் அவர் கழுத்தில் துண்டைக் கட்டி, முகத்தில் நுரை பூசி, நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அந்த நீல உறுப்பைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றார் அரிஸ்தார்கோஸ் நுரைக்குள்ளிருந்து.

கத்தி நின்றது. "தெரியுமா?"

"மே மாசமே எங்க ஆளுங்க சொன்னாங்க. விசாரணைக் கமிட்டி போட்டோம். அதை வெச்சுக்கிட்டு நூத்துக்கு நூறு பச்சை வருது. கழட்டினா என்ன வரும்னு யாருக்குத் தெரியும்? தெரியாத ஒண்ணுக்காகத் தெரிஞ்ச ஒண்ணை விடறது விஞ்ஞானம் இல்லை, ஐயா."

"எனக்கு இருக்கறது ஒரே கண்ணு, அரிஸ்தார்கோஸ் ஐயா. அது போய்க்கிட்டிருக்கு."

"உங்களுக்கு அப்படித் தோணுது. தோணறதுங்கறது மனுஷனுக்கு மனுஷன் மாறும். அதனாலதான் தோணாத ஒண்ணை வாங்கி வெச்சோம்." கண்ணாடியில் தன்னைத் திருப்தியாகப் பார்த்தார். "பக்கவாட்டுல கொஞ்சம் இளமையா வெட்டுங்க."

பாந்தெலிஸ் தன்னால் முடிந்தவரை வெட்டினார்.

விழா சுகாதார நிலையத்து முற்றத்தில் நடந்தது. அரிஸ்தார்கோஸ் ஒரு கிருதா மேலும் ஒரு கிருதா கீழுமாக மேடையேறினார். எதிரே உட்கார்ந்திருந்த ஆண்களும் அதே அழகில் இருந்ததால், அவர் மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றியது.

"நண்பர்களே! முன்னெல்லாம் இந்தத் தீவுல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி கண்ணு இருந்துச்சு. ஒருத்தருக்குச் சர்க்கரை, ஒருத்தருக்குக் கசிவு, ஒருத்தருக்கு வெறும் வயசு. இப்படி ஆளாளுக்கு இஷ்டப்படி கண்ணு வெச்சிருந்தா ஒரு நிர்வாகம் எப்படித் திட்டம் போடும்? இன்னைக்கு நூத்திப் பதினாலு இடது கண்ணு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் இம்மி வித்தியாசம் இல்லை! இந்த ஒழுங்கை எந்த டாக்டராலயாவது கொண்டுவர முடிஞ்சுதா?" கை தட்டினார்கள். "சில புகார் வருது. நான் மறைக்கலை. ஆனா ஒண்ணைக் கவனிங்க. புகாரெல்லாம் நோயாளிங்ககிட்ட இருந்துதான் வருது. கருவிகிட்ட இருந்து இதுவரைக்கும் ஒரே ஒரு புகார்கூட வந்ததில்லை!"

"அவரு கண்ணுல அதை மாட்டினா சரியா இருக்கும்," என்று கலிரோயி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது.

பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள். பத்திரிகைப் படத்துக்காக முன்மாதிரிப் பயனாளர் ஒருவர் கருவியில் தாடை வைக்க வேண்டும். அதிகம் புகார் செய்தவரையே அழைத்தால் பெருந்தன்மையாக இருக்கும் என்று அரிஸ்தார்கோஸ் நினைத்தார். பாந்தெலிஸ் சலூனிலிருந்து அப்படியே வந்திருந்தார், சட்டைப்பையில் கத்தரியோடு.

தாடையை வைத்தார். அவருக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், கருவியின் கறுப்பு வட்டம். அதற்கும் அவருக்கும் நடுவே இரண்டு கோடுகள் தொங்கின, இரண்டும் நெளிந்துகொண்டே. ஒன்று நூல். அதை வெட்டிவிட்டால் கருவி முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்க்கும். பார்த்தால் சிவப்பு. சிவப்பு என்றால் ஏதென்ஸ். மிர்தோ சொன்ன ஆறு வாரத்தில் மிச்சமிருந்தது நான்கு நாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வருட அனுபவத்தோடு, கத்தரியை நேராக நூலுக்குக் கொண்டுபோய் ஒரே வெட்டு.

கண்ணாடிக் கண் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. கருவிதான் அணைந்துபோனது. அவர் வெட்டியது கேமராவின் கம்பியை.

அரிஸ்தார்கோஸ் கருவியின் முன் மண்டியிட்டு, அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்தார். "ஏதாவது சொல்லு," என்றார்.

அது எதுவும் சொல்லவில்லை. அவர் போனை எடுத்தார். இயக்குநரகத்தின் அவசர உதவிக்கு இருந்தது ஒரே படிவம்தான், அது நோயாளிகளுக்கானது. வேறு வழியில்லாமல் அதையே நிரப்பினார். பெயர் இருக்கும் இடத்தில் வரிசை எண். வயது: ஐந்து மாதம். நோயின் தன்மை: திடீர்ப் பார்வையிழப்பு. அனுப்பிய அந்த நொடியில், லெவ்கோனிசித் தீவின் வரலாற்றில் முதல் சிவப்பு விளக்கு அவர் போனில் எரிந்தது.

ஹெலிகாப்டர் நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டது. போன குளிர்காலத்தில் ரொட்டிக்கடைக்காரரின் இடுப்பு முறிந்தபோது, காற்று பலமாக இருக்கிறதென்று இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அடித்ததும் அதே காற்றுதான். கருவிக்காக அது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

"துணைக்கு வருபவர் பெயர் கட்டாயம்னு கேக்குது," என்றார் அரிஸ்தார்கோஸ். "எனக்கு ஹெலிகாப்டர் ஆகாது."

"என்னால நிலையத்தைப் பூட்ட முடியாது," என்றாள் ஆர்கிரோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

கலிரோயி முன்னால் வந்தாள். "வெட்டினவரே கூடப் போகட்டும். அதுதானே நியாயம்? வழியெல்லாம் அதுக்குப் பக்கத்துல உக்காந்து வருத்தப்படட்டும்." கணவரின் சட்டைப்பையிலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு துவைத்த கைக்குட்டையைச் செருகினாள். "சீக்கிரம் போ, மனுஷா," என்றாள், வேறு குரலில்.

இப்படியாகப் பாந்தெலிஸ் ஏதென்ஸ் பெரிய மருத்துவமனைக்கு, போர்வை போர்த்திப் படுக்கவைத்த ஒரு பெட்டிக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தார். சக்கரப் படுக்கையைத் தள்ளியவன், "நோயாளி யாரு?" என்று கேட்டான்.

"இதுதான். நான் சும்மா கூட வந்தவன்."

படிவத்தில் பார்வையிழப்பு என்று இருந்ததால் இருவரையும் மிர்தோவிடமே கொண்டுபோனார்கள். அவள் படிவத்தைப் படித்தாள். படுக்கையைப் பார்த்தாள். பெட்டியின் மேல் கை வைத்து நிற்கும் பாந்தெலிஸைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, கருவியின் கம்பியை இணைக்க ஸ்பிரோஸ் என்ற மெக்கானிக்கை வரச் சொன்னாள். பிறகு பாந்தெலிஸை நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸைப் பிடித்துக் குனிந்து, தன் கண்ணாலேயே அவர் கண்ணைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நிறைய நீர் கோத்திருக்கு. ஓரத்துல கொஞ்சம் போயிடுச்சு, அது இனிமே வராது. நடு இன்னும் இருக்கு. ரெண்டு மாசம் முந்தியே வந்திருக்கணும், பாந்தெலிஸ்."

"வந்திருப்பேன், டாக்டரம்மா. அப்ப நான் நல்லா இருந்தேனே."

மிர்தோ மருந்து அலமாரியின் முன் போய் நின்றாள். படிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கருவியின் வரிசை எண்ணைத் தட்டினாள். சிவப்பு, அவசரம். அலமாரி மறுபேச்சில்லாமல் திறந்தது.

ஊசி போட்டு முடிவதற்குள், பக்கத்து மேசையில் ஸ்பிரோஸ் கம்பியை இணைத்துவிட்டிருந்தான். கருவி முனகிக்கொண்டு விழித்தது. தடித்த விரல்களும் ஓயாத வாயும் கொண்டவன் அவன். "அவ்வளவுதான், மாஸ்டர்! நான் கட்டின கட்டு. இனிமே பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

பாந்தெலிஸின் முகம் வாடிவிட்டது. "பத்து வருஷமா?"

"ஏன், பத்தாதா?"

"எத்தனை வருஷம்னு கேக்கலை, ஸ்பிரோஸ்," என்றாள் மிர்தோ, கையுறையைக் கழற்றியபடி. "இவருக்கு நாலு வாரத்துல அடுத்த ஊசி போடணும். இது நாலு வாரத்துல கெடணும்."

ஸ்பிரோஸ் அவளைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான். ஒரு கண்ணில் பஞ்சுக்கட்டோடும் மறு கண்ணில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருந்த முடிதிருத்துபவரைப் பார்த்தான். பிறகு, இணைத்த கம்பியை மெதுவாக அவிழ்த்து, இந்தத் தடவை கொஞ்சம் தளர்வாகக் கட்டினான். பழுதுபார்ப்புப் படிவத்தை எடுத்து எழுதினான்: 'பழுதின் தன்மை: நாள்பட்டது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்.' நிமிர்ந்தான்.

"உங்க தீவுல கண்ணு கெட்டது நீங்க மட்டும்தானா?"

பாந்தெலிஸ் விரல்விட்டு எண்ணினார். "காப்பிக்கடைக்காரரோட அம்மா. பாதிரியார், அவர் சொல்ல மாட்டார், ஆனா இப்பல்லாம் மனப்பாடமாத்தான் வாசிக்கறார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. ஆட்டுக்காரன் வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. என்னோட சேர்த்து ஆறு."

துணைக்கு வருபவர் என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஸ்பிரோஸ் அதை அடித்துவிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதினான்: 'கருவி கனமானது. ஒருவரால் தாங்க முடியாது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது ஆறு பேராவது கூட வர வேண்டும். பெயர்ப்பட்டியல் இணைப்பில்.'

கருவியின் உடல்நலம் சம்பந்தப்பட்டது என்பதால் இயக்குநரகம் அன்று மாலையே ஒப்புதல் தந்தது.